கிளவுட்டுக்குப் போன பிறகும் உங்களிடமே தங்கும் வேலைகள்

நீங்கள் கேட்டது இது: நிறுவனத்தில் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். கோப்புகளும் கணக்கு மென்பொருளும் அலுவலக அறையில் உள்ள ஒரு சர்வரில் இருக்கின்றன. எல்லாரும் கிளவுட்டுக்குப் போகிறார்கள், குழுவாகப் பேசவும் எழுதவும் செயலிகள் வாங்குகிறார்கள். நிறுவனங்கள் இவற்றை உண்மையில் எதற்குப் பயன்படுத்துகின்றன, போவதற்கு முன் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

நிறுவனங்களின் கணினி ஏற்பாடுகளை இடம் மாற்றித் தருவதுதான் பதினைந்து ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கிளவுட்டுக்குப் போகும்போது சில வேலைகள் உங்கள் கையை விட்டுப் போகும், சில உங்களிடமே தங்கும். எது போனது, எது தங்கியது என்று எழுதி வைத்துக்கொண்ட நிறுவனங்கள் நிம்மதியாக இருக்கின்றன. ‘எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நினைத்த நிறுவனங்கள் ஏதோ ஒரு நாள் தவித்துப்போய் அழைக்கின்றன. குழுச் செயலிகளுக்கும் இதே கணக்குதான். பேச்சைச் செயலி சேமித்து வைக்கும். அந்தப் பேச்சில் எடுத்த முடிவு பிறகு கண்ணில் படுமாறு செய்வது உங்கள் வேலை.

கிளவுட், அதாவது மேகக் கணிமை, என்ற சொல் பெரிதாகத் தெரிந்தாலும் பொருள் எளிது. உங்கள் அறையில் உள்ள சர்வர் செய்யும் வேலையை வேறொருவருடைய தரவு மையத்தில் உள்ள சர்வர் செய்கிறது. நீங்கள் இணையம் வழியாக அதைப் பயன்படுத்தி, பயன்படுத்திய அளவுக்கு வாடகை கொடுக்கிறீர்கள். அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 என்ற வாடகைக் கணினிச் சேவையையும் திறந்த பிறகு இந்த வழி பரவியது. அதற்கு முன் புதிய சர்வர் வேண்டுமென்றால் விலை கேட்டு, ஒப்புதல் வாங்கி, பெட்டி வந்து இறங்கும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது ஒரு படிவத்தை நிரப்பினால் சில நிமிடங்களில் கணினி தயார். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறை கிளவுட்டுக்கு ஐந்து இயல்புகளைச் சொல்கிறது. உங்கள் அன்றாடத்தைத் தொடுபவை அவற்றில் மூன்று: யாரையும் கேட்காமல் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், தேவைக்கு ஏற்பக் கூட்டலாம் குறைக்கலாம், பயன்படுத்திய அளவு மின்மீட்டரில் ஓடுவது போல அளக்கப்படும்.

இதில் மூன்று அடுக்குகள் உண்டு. வெறும் கணினியை வாடகைக்கு எடுப்பது ஒன்று. உங்கள் நிரலை ஏற்றினால் மற்றதை அவர்களே ஓட்டும் தளம் இன்னொன்று. உலாவியில் திறந்தவுடன் வேலை செய்யக்கூடிய ஆயத்த மென்பொருள் மூன்றாவது. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இல் தொடங்கப்பட்டபோது வாடிக்கையாளர் விவரங்களை இப்படி உலாவி வழியாகத் தருவதையே தொழிலாக எடுத்துக்கொண்டது. இன்று சிறிய, நடுத்தர நிறுவனங்களின் கிளவுட் பயன்பாடு பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்குதான்: மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, கணக்கு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் பதிவேடு. உங்களுக்கும் இங்கேதான் தொடக்கம். வெறும் கணினியை வாடகைக்கு எடுத்து உங்கள் பழைய சர்வரை அப்படியே அதில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், அதன் இயங்குதளத்தை மாதந்தோறும் யார் புதுப்பிப்பார்கள் என்று கேளுங்கள். பதிலாக ஒருவர் பெயர் வரவில்லை என்றால் அந்த வழியே வேண்டாம். அலுவலக அறையில் பூட்டிக் கிடந்த பழைய சர்வரை விட, இணையத்தில் திறந்து கிடக்கும் பழைய சர்வர் ஆபத்தானது.

பெரிய நிறுவனங்கள் வேறு காரணங்களுக்காகவும் வருகின்றன. வருடத்தில் சில நாட்கள் மட்டும் பல மடங்கு கூட்டம் வரும் விற்பனைத் தளம், ஒரே இரவில் முடிக்க வேண்டிய பெரிய கணக்கீடு, புதிய மென்பொருளைச் சோதித்துவிட்டுக் கலைத்துவிடும் தற்காலிகக் கணினிகள் ஆகியவற்றுக்கு வாடகை முறை அருமையாகப் பொருந்தும். அப்போது படங்களின் டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ், 2008 ஆகஸ்டில் தன் தரவுத்தளம் கெட்டுப்போய் மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் நின்றது. அதன் பிறகுதான் அது அமேசான் கிளவுட்டுக்கு மாறத் தொடங்கியது. அந்த மாற்றம் முடிந்தது 2016 ஜனவரியில். திறமையான பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்துக்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன. பழையதை அப்படியே தூக்கி வைக்காமல் மென்பொருளைத் திரும்ப எழுதியதே காரணம்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. கோப்புச் சேமிப்புச் சேவையான டிராப்பாக்ஸ் பல ஆண்டுகள் அமேசானில் கோப்புகளை வைத்திருந்துவிட்டு, சொந்தத் தரவு மையங்களுக்கு மாறியது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.46 கோடி டாலர் செலவு குறைந்ததாக, பங்குச் சந்தைக்கு வந்தபோது அளித்த ஆவணத்தில் அது தெரிவித்தது. இரவும் பகலும் ஒரே அளவில் ஓடும் மிகப் பெரிய சுமைக்குச் சொந்த இயந்திரம் மலிவாக முடியலாம். ஏறி இறங்கும் சுமைக்கும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சிறிய சுமைக்கும் வாடகை மலிவு. ஆகவே ‘கிளவுட் மலிவா?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் சுமை எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலிருந்துதான் அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

செலவில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை ஒன்று உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். சோதனைக்காக எடுத்த கணினியை உங்கள் ஆட்கள் வாரத்தில் 50 மணி நேரம்தான் பயன்படுத்துவார்கள். அதை அணைக்காமல் விட்டால் வாடகையில் ஏறக்குறைய 70 சதவீதம் யாரும் தொடாத கணினிக்குப் போகிறது. மாலை ஏழு மணிக்குத் தானாக அணையும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். அந்தக் கட்டளையை எழுதப் பத்து நிமிடம் ஆகும்.

இனி பொறுப்புக்கு வருகிறேன். கிளவுட் நிறுவனங்களே இதை ‘பகிர்ந்த பொறுப்பு’ என்று அழைக்கின்றன. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், கெட்டுப்போகும் வட்டுகளை மாற்றுவது அவர்கள் பக்கம். யார் உள்ளே வரலாம், எந்தக் கோப்பு யாருக்குத் திறந்திருக்கிறது, காப்புப் பிரதி எங்கே இருக்கிறது என்பவை உங்கள் பக்கம். சேவை தருபவர் தவறு செய்வாரா என்றால், செய்வார். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வட வர்ஜீனியா மையத்தில், பில்லிங் மென்பொருளின் கோளாறைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் சில சர்வர்களை மட்டும் நிறுத்துவதற்கான கட்டளையை இட்டார். அதில் ஓர் உள்ளீடு தவறிப்போனதால் நினைத்ததை விட அதிகமான சர்வர்கள் நின்றன. எஸ்3 சேவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தடுமாறியது. அமேசானின் சேவை நிலவரப் பக்கமும் எஸ்3ஐ நம்பியிருந்ததால், தடை இருக்கிறது என்பதை அந்தப் பக்கத்தில் உடனே காட்டவும் முடியவில்லை.

ஒப்பந்தத்தில் ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்று பார்த்தால் மனதில் நூறு என்றே பதிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடங்களும், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரமும் நிற்கலாம் என்று அதற்குப் பொருள். அந்த எட்டே முக்கால் மணி நேரம் சம்பள நாளில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒரு தாளில் பதில் எழுதி வையுங்கள்.

நின்று போவதைத் தாங்கிக்கொள்ளலாம். அழிந்து போவதுதான் நிறுவனத்தை மூடும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமானது. சர்வரையும் அதன் காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2014 ஜூனில், மற்றவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்ததில் தீயே தேவைப்படவில்லை. அதன் அமேசான் நிர்வாகக் கணக்குக்குள் புகுந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றபோது, உள்ளே இருந்தபடியே தரவையும் காப்புப் பிரதிகளையும் அழித்தார். எல்லாம் ஒரே சாவிக்குள் இருந்தன. அந்த நிறுவனம் அதன் பிறகு தொழிலைத் தொடர முடியாமல் மூடிவிட்டது.

தப்பித்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். யூனிசூப்பர் என்பது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி. அதற்காகக் கூகுள் கிளவுட் ஏற்பாடு செய்த தனிக் கிளவுட்டை அமைக்கும்போது, கூகுளின் உள் கருவி ஒன்றில் ஓர் அளவுருவை, அதாவது அமைப்புக்கான ஒரு கட்டத்தை, நிரப்பாமல் விட்டார்கள். காலியாக விட்டால் ஓராண்டுத் தவணை என்று அந்தக் கருவி எடுத்துக்கொண்டது. தவணை முடிந்ததும், 2024 மே மாதம், அந்த ஏற்பாடு தானாக அழிந்தது. உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் யூனிசூப்பர் வேறொரு சேவை நிறுவனத்திடமும் காப்புப் பிரதிகள் வைத்திருந்தது. தரவு இழப்பு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த நிகழ்ச்சியை நான் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் யாரும் கெட்டவர் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

கோப்புகள் தானாகக் கிளவுட்டில் ஒத்திசைவாவதையே காப்புப் பிரதி என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் அழித்தால் அங்கும் அழியும். உங்கள் கணினியில் மீட்புப்பணம் கேட்கும் தீநிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே மேலே போய்ச் சேரும். குப்பைத் தொட்டிக்கும் கெடு உண்டு. கூகுள் டிரைவில் 30 நாட்கள், மைக்ரோசாப்டின் ஷேர்பாயின்டில் 93 நாட்கள். ஆண்டு இறுதியில் மட்டும் திறக்கும் ஒரு கோப்பை யாரோ பிப்ரவரியில் தவறி அழித்திருந்தால், தெரியவரும் நாளில் இரண்டு கெடுவும் தாண்டியிருக்கும். வேறொரு கணக்கில், வேறொரு சாவியில், முடிந்தால் வேறொரு நிறுவனத்திடம் தனிப் பிரதி இருக்க வேண்டும்.

இப்போது குழுவாக வேலை செய்வது. இந்த எண்ணம் கிளவுட்டை விடப் பழையது. வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1995 மார்ச்சில் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றியபோதே, ஒரு பக்கத்தை யாரும் திறந்து திருத்தலாம் என்ற வழி வந்துவிட்டது. 2006இல் ஆண்ட்ரூ மெக்காஃபி என்ற பேராசிரியர் நிறுவனங்களுக்குள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதற்கு ‘என்டர்பிரைஸ் 2.0’ என்று பெயரிட்டார். 2008இல் யாமர், நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சமூக வலைத்தளமாக வந்தது. 2012இல் மைக்ரோசாப்ட் அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலி பிறந்த விதம் எனக்குப் பிடித்தது. கிளிட்ச் என்ற கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்த குழு, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. 2012 இறுதியில் விளையாட்டை மூடினார்கள். அந்தப் பேச்சு ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தி 2013இல் வெளியே கொண்டுவந்தார்கள். வேலை செய்பவர்கள் தங்கள் சொந்தத் தேவைக்குச் செய்தது என்பதால் அது கையில் ஒட்டியது. 2017 மார்ச்சில் அதே வகைச் செயலியான மைக்ரோசாப்ட் டீம்ஸ் வந்தது. அலுவலக மென்பொருளோடு சேர்ந்தே கிடைத்ததால் வேகமாகப் பரவியது.

தோற்றவையும் கற்றுத் தருகின்றன. பேச்சையும் ஆவணத்தையும் ஒன்றாக்கிய கூகுள் வேவ் என்ற கருவி 2009 மேயில் பெரும் எதிர்பார்ப்போடு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே கூகுள் அதைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டது. ஃபேஸ்புக் 2016இல் நிறுவனங்களுக்காகத் திறந்த வொர்க்பிளேஸ் என்ற சமூகத் தளத்தை மூடப்போவதாக, அதன் இன்றைய பெயரான மெட்டா 2024இல் அறிவித்தது. ‘ஊழியர்கள் ஒருவரோடொருவர் பழகட்டும்’ என்பதற்காக மட்டும் ஒரு செயலியை வாங்கினால் ஒரு மாதம் வாழ்த்துச் செய்திகள் ஓடும், பிறகு அடங்கிவிடும். முடிக்க வேண்டிய வேலை ஒன்று அதன் வழியாகத்தான் நடக்கும் என்றால் மக்கள் அங்கே வருவார்கள். வந்த பிறகு பழகுவது தானாக நடக்கும்.

எல்லாக் குழுக் கருவிகளிலும் சந்தேகமில்லாமல் பயன் தருவது பகிர்ந்து திருத்தும் ஆவணம். அதற்கடியில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். திரையில் ‘சரக்கு திங்கள்கிழமை காலை வரும்’ என்று ஒரு வரி இருக்கிறது. எளிமைக்காகச் சொற்களாகவே எண்ணுவோம். நீங்கள் தொடக்கத்தில் ‘முதல்’ என்ற சொல்லைச் சேர்க்கிறீர்கள். அதே நொடியில் வேறோர் ஊரிலிருக்கும் சக ஊழியர் மூன்றாவது சொல்லான ‘காலை’யை ‘மாலை’ ஆக்குகிறார். ‘மூன்றாவது சொல்லை மாற்று’ என்ற அவருடைய கட்டளை உங்கள் திரைக்கு வந்து சேரும்போது, உங்கள் வரியில் மூன்றாவதாக இருப்பது ‘திங்கள்கிழமை’. கட்டளையை அப்படியே ஏற்றால் ‘முதல் சரக்கு மாலை காலை வரும்’ என்று குழம்பிவிடும். ஆகவே மென்பொருள், நீங்கள் முன்னால் ஒரு சொல் சேர்த்திருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன மூன்றை நான்காக நகர்த்துகிறது. இரண்டு திரைகளிலும் ‘முதல் சரக்கு திங்கள்கிழமை மாலை வரும்’ என்றே தெரிகிறது. எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வழியை 1989இலேயே எழுதிவிட்டார்கள். கூகுள் டாக்ஸ் இயங்குவது இதே அடிப்படையில்தான்.

இதனால் அலுவலகத்தில் என்ன மாறுகிறது? விலைப்புள்ளியை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் முறையை நினைத்துப் பாருங்கள். விற்பனைப் பிரிவு திருத்தி ‘இறுதி’ என்று பெயர் வைக்கும். கணக்குப் பிரிவு பழைய பிரதியில் வரியைத் திருத்தி ‘இறுதி 2’ என்று வைக்கும். மேலாளர் தன் கைபேசியில் கிடந்த முதல் பிரதியை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படிப் போன விலைப்புள்ளி ஒன்றில் போக்குவரத்துச் செலவு விட்டுப்போய், வாடிக்கையாளர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அன்று அந்தக் கணக்காளர், தான் சரியாகத் திருத்திய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. அவருடைய திருத்தம் யாரிடமும் போய்ச் சேராத பிரதியில் இருந்தது. ஒரே ஆவணம், ஒரே முகவரி, மாற்றங்களின் வரலாறு பக்கத்திலேயே என்று ஆனபின் இந்த வகைப் பிழை பெருமளவு நின்றுவிடும். கிளவுட்டுக்குப் போக எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இது.

உரையாடல் செயலிகள் இவ்வளவு தெளிவானவை அல்ல. அவை வேகம் தருகின்றன, கூடவே சிதறலையும் தருகின்றன. இரண்டு பேர் தனிச் செய்தியில் பேசி, ஒரு வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி உண்டு என்று முடிவு செய்கிறார்கள். பில் போடும் பெண்ணுக்கு அது தெரியாது. ஆறு மாதம் கழித்து வந்த புதியவருக்கு அப்படி ஒரு முடிவு இருப்பதே தெரியாது. அதனால் நான் அமைத்துத் தரும் இடங்களில் வற்புறுத்தும் வழக்கம் ஒன்று: வேலை பற்றிய பேச்சு இயல்பாகத் திறந்த சேனலில், அதாவது குழுவில் எல்லாரும் பார்க்கக்கூடிய உரையாடல் அறையில், நடக்க வேண்டும். சம்பளம், உடல்நலம், ஒழுங்கு நடவடிக்கை போன்றவை மட்டும் தனியே போகட்டும். சேனல்களின் பெயர் வேலையின் பெயராக இருக்க வேண்டும், ஆட்களின் பெயராக இருக்கக் கூடாது. முடிவு எடுத்தவுடன், எடுத்தவரே அதை ஒரு வரியில் அந்த வேலைக்கான ஆவணத்தில் தேதியோடு எழுத வேண்டும். பேச்சு நகர்ந்துகொண்டே இருக்கும், ஆவணம் அங்கேயே நிற்கும். பேச்சுச் செயலியிலேயே தேடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு வழக்கம், எதற்கு எவ்வளவு நேரத்தில் பதில் வர வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்வது. பேசி வைக்காத இடங்களில் ஒவ்வொரு ஒலிக்கும் எல்லாரும் தலைதூக்குகிறார்கள், கவனம் வேண்டிய வேலை நிற்கிறது. சேனலில் கேட்டால் அன்றைக்குள் பதில், உண்மையான அவசரம் என்றால் தொலைபேசி என்று சொல்லிவிட்டாலே அமைதி வந்துவிடும். மேலாளர் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினால் எந்த விதியும் நிற்காது. காலையில் போய்ச் சேருமாறு நேரம் குறித்து அனுப்பும் வசதி இந்தச் செயலிகளில் இருக்கிறது. முதலில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் மேலாளர்தான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை நானே எடுக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் அது நடந்துகொண்டிருக்கிறது. நிறுவனம் எதையும் ஏற்பாடு செய்யாவிட்டால் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைபேசியில் வாட்ஸ்அப் குழு தொடங்கி வேலையை நடத்திக்கொள்வார்கள். அவர்கள் மீது தவறு சொல்ல முடியாது, வேலை நடக்க வேண்டுமே. ஆனால் ஒப்பந்தப் படங்களும், வாடிக்கையாளர் எண்களும், ஒப்புதல்களும் நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத இடத்தில் சேர்கின்றன. ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது எல்லாம் அவரோடு போகும். அமெரிக்க நிதித் துறையில் இது சட்டப் பிரச்சினையாகவே வெடித்தது. ஊழியர்கள் சொந்தக் கைபேசிச் செயலிகளில் வணிகம் பேசியதையும், அந்தப் பதிவுகளைப் பாதுகாக்காததையும் காட்டி, 2021 டிசம்பரில் ஜேபி மோர்கன் வங்கிக்கு இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து 20 கோடி டாலர் அபராதம் விதித்தன. தடை போட்டால் மட்டும் இது நிற்காது. அதே அளவு எளிதான ஒன்றை நிறுவனமே கொடுக்க வேண்டும், மேலாளர்கள் முதலில் அங்கே வர வேண்டும்.

நீங்கள் எங்கே தொடங்கலாம்? மின்னஞ்சலும் கோப்புகளும் முதலில், கணக்கு மென்பொருள் கடைசியில். கோப்புகளை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இடம் மாறும் நாள்தான் குப்பையைக் களைய நல்ல நாள். கூகுள், மைக்ரோசாப்ட், ஸோஹோ என எதை எடுத்தாலும் அறுபது பேருக்கு வேண்டியது கிடைக்கும், அந்தத் தேர்வில் மாதக்கணக்கைச் செலவிட வேண்டியதில்லை. மின்னஞ்சல், கோப்பு, உரையாடல் மூன்றும் ஒரே வீட்டில் இருப்பது நல்லது, ஒருவர் வேலையை விடும்போது ஒரே இடத்தில் கதவை மூடிவிடலாம்.

நிர்வாகக் கணக்கு யாருடையது என்று இன்றே பாருங்கள். நான் உதவப் போன ஒரு நிறுவனத்தில், முதல் கணக்கைத் திறந்தவர் தன் சொந்த மின்னஞ்சலையும் சொந்தக் கைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அப்போது அவர்கள் ஆறு பேர். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் வேலையை விட்டு வெளிநாடு போனார், எண்ணும் மாறியது. சந்தா தவணைக்குப் பணம் கட்டக்கூட உள்ளே நுழைய முடியவில்லை. சேவை நிறுவனத்திடம் உரிமையை நிரூபித்துக் கணக்கை மீட்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. அந்த நாட்கள் முழுவதும் ஒவ்வொரு காலையும் ‘இன்றைக்கு நிறுத்திவிடுவார்களா’ என்றுதான் விடிந்தது. நிர்வாகி இரண்டு பேராவது இருக்க வேண்டும், முகவரி நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், இருபடிச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது, எல்லாருக்கும் கட்டாயமாக வேண்டும். அந்த இரண்டாவது சான்று கைவிட்டுப் போனால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். நிர்வாகி தன் அன்றாட மின்னஞ்சலுக்கு அந்தக் கணக்கைப் பயன்படுத்தவே கூடாது.

உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியையும் பாருங்கள். எல்லாத் தரவையும் இறக்கிக்கொள்ள முடியுமா, எந்த வடிவில் வரும், எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். தரவை வெளியே எடுப்பதற்குப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் கட்டணம் வாங்கிவந்தன. சேவையை விட்டு முழுவதுமாக விலகுபவர்களுக்கு அந்தக் கட்டணத்தை நீக்குவதாகக் கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் 2024இல் அறிவித்தன. அப்படியிருந்தும் ஒரு செயலியின் ஆவணங்கள் இன்னொன்றில் பிசிறில்லாமல் திறக்கும் என்று நம்ப வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் மாதிரிக்கு நூறு கோப்புகளை ஏற்றி, இறக்கி, வேறிடத்தில் திறந்து பாருங்கள்.

பழைய சர்வரை உடனே விற்றுவிடாதீர்கள். மூன்று மாதம் அணைத்து வையுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கணக்குப் பிரிவின் கோப்புறை ஒன்றைக் காப்புப் பிரதியிலிருந்து மட்டுமே மீட்டுத் தரச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீண்ட கோப்பைக் கணக்காளரே திறந்து, கடைசிப் பதிவு வரை இருக்கிறது என்று சொன்ன பிறகு சர்வரின் வட்டுகளை அழித்துவிட்டு அந்த அறையைக் காலி செய்யலாம்.